அதிர்ஷ்டசாலி எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் பழம்பொருள் சேகரிப்பு பற்றிய கட்டுரையில், "உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ராணுவத் துப்பாக்கி கிடக்கிறதா? நீங்கள் அதிர்ஷ்டசாலி!" என்று ஒரு வரி. கையில் இருந்த காபி ஆறிப்போகும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக அப்படி ஒரு துப்பாக்கியை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவன் நான். என்னை இதுவரை யாரும் அதிர்ஷ்டசாலி என்று சொன்னதில்லை. நீங்கள்தான் முதலில் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

முதலில் படம். கீழே 'வெப்லி, பிரிட்டிஷ் ராணுவ பிஸ்டல்' என்று போட்டுவிட்டு, மேலே ஜெர்மன் லூகரை அச்சிட்டிருக்கிறீர்கள். லூகருக்குத் தோட்டா கைப்பிடிக்குள் இருக்கும். சுடும்போது அதன் முதுகு முழங்கால் மடங்குவது போல மேலே எழும்பி இறங்கும். வெப்லி என்பது ஆறு தோட்டா போடும் உருளை வைத்த ரிவால்வர். முதல் உலகப் போரில் எதிரெதிர்ப் பதுங்குகுழிகளில் இருந்தவை இரண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல, அச்சுக்குப் போகிற அவசரம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குடியரசு தின மலரிலும் இதே அவசரம்தான். மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கும் வெலிங்டனை ஊட்டிக்குள் கொண்டுபோய் வைத்தீர்கள். அது குன்னூரை ஒட்டி இருக்கிறது என்று அன்றைக்கே கார்டு போட்டேன், வரவில்லை. பரவாயில்லை, கோலப்போட்டி பற்றி மூன்று கடிதங்கள் வந்திருந்தன.

என் அப்பா அந்த ரெஜிமெண்டில் அதிகாரியாக இருந்தவர். 1947-ல் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார மேஜரிடம் அந்த வெப்லி மார்க் 6-ஐ விலைக்கு வாங்கினார். பிரிட்டிஷ் அதிகாரிகள் பலரும் இடுப்புத் துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கியவர்கள், அதனால்தான் அதை விற்கவும் முடிந்தது. பர்மிங்காமில் செய்தது. உடம்பில் 1916 என்று பொறித்திருக்கும். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. கைப்பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம்.

ஆயுத பூஜை அன்று அப்பா அதை வெள்ளைத் துண்டில் வைத்து எண்ணெய் போட்டுத் துடைப்பார். கட்டைவிரலால் இடது பக்கத் தாழை அழுத்தி நடுவில் மடக்குவார். குழல் கீழே சாயும்போது, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி ஒரு தகடு எழும்பி நின்று, சாய்ந்து முடிந்ததும் 'டக்'கென்று உள்ளே போய்விடும். சுட்ட ஆறு தோட்டாக் கூடுகளையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளுவதற்கான ஏற்பாடு அது. பொரிகடலையைக்கூட மறந்துவிட்டு நாங்கள் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்போம். அப்புறம் குழலுக்குச் சந்தனம், குங்குமம். எங்கள் கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அதற்கு இடம்.

அப்பா காலமான பிறகு அதை என் பெயருக்கு மாற்றப் போனேன். குழல் அளவு .455 அங்குலம், அது தடை செய்யப்பட்ட ரகம் என்பதால் கோப்பு டில்லி வரை போய்வந்தது. இரண்டரை வருடம். அதுவரை துப்பாக்கி ஸ்டேஷனில். திரும்பி வந்தபோது குழலுக்குள் துரு, விசைக் காப்பில் சணல் கட்டிய ஒரு சீட்டு, சீட்டில் 'பழைய பிஸ்டல் 1'. ரிவால்வர் அங்கேயும் பிஸ்டல்தான்!

அதன் பிறகு மக்களவை, சட்டமன்றம், உள்ளாட்சி என்று எந்தத் தேர்தல் வந்தாலும் எனக்குத்தான் முதல் போன். தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிவு வந்ததும் மறுபடி போய் நிற்க வேண்டும். என்னிடம் ஒரு தோட்டா கிடையாது சார் என்றேன். "தோட்டா இல்லாட்டியும் துப்பாக்கி துப்பாக்கிதான்" என்றார் ஏட்டு. சட்டப்படி அவர் சொன்னது சரி. பழைய ரகமாக இருந்தாலும், பழுது பார்த்தால்கூடச் சுட முடியாது என்கிற ஆயுதத்துக்குத்தான் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விலக்குத் தருகிறது. குழலை அடைத்து வெல்டு வைத்துவிடுங்கள், தொல்லை விட்டது என்று தெரிந்தவர் ஒருவர் யோசனை சொன்னார். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. என்னிடம் இருந்தவை அம்மாவழித் தாத்தா காட்டுப்பன்றிக்கு வைத்திருந்த இரட்டைக்குழல், அப்பாவின் வெப்லி, கான்பூரில் செய்த .32 ரிவால்வர். இதில் தோட்டா கிடைக்கிற, ஒழுங்காகச் சுடுகிற .32-ஐக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டேன். வீட்டில் இன்றும் அதற்குப் பேச்சு வாங்குகிறேன்.

இப்போது உங்கள் கட்டுரை சொல்லும் 'வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலை' விஷயத்துக்கு வருகிறேன். நூறு வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்று 1972-லேயே சட்டம் வந்துவிட்டது. என் வெப்லி 1916. உள்ளூரில் விற்கலாம் என்றால் வாங்குகிறவரிடம் உரிமம் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கி பரணில் கிடந்தாலே அது குற்றம். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஏணி போட்டுப் பரணில் ஏறியவர்கள் எத்தனை பேரோ! அதில் ஒருவர் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பழைய சாமான் கடைக்குப் பஸ் ஏறியிருந்தால், அவருடைய அதிர்ஷ்டத்தை ஜாமீன் கிடைத்த பிறகு நீங்களே பேட்டி எடுக்கலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், நான்கு வரி போடுங்கள். படத்தில் இருப்பது லூகர், வெப்லி அல்ல. பரணில் துப்பாக்கி கண்டால் அதை வெளியே தூக்கிக்கொண்டு போகாமல் முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவ்வளவுதான். இடம் போதாது என்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இருபத்தெட்டு வருடச் சந்தாதாரர்,
வேலூர் மாவட்டம்

பி.கு.: இதை வெளியிட்டால் பெயரும் ஊரும் வேண்டாம். போன வருடம் யாரோ சொல்லக் கேட்டு ஒரு தரகர் வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் முதலில் "அந்த பிஸ்டல் விலைக்கு வருமா?" என்றுதான் கேட்டார்.