அபிஷாவுக்கு: அடுத்த வருட ஜர்னலுக்கு நம்ம ஊரே போதும்

அன்புள்ள அபிஷா,

அடுத்த வருட புல்லட் ஜர்னலுக்கு (அதுதான், வேலையையும் பழக்கத்தையும் கையால் குறித்துவைக்கிற நோட்டு) என்ன தீம் வைக்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் ஏப்ரலுக்குச் செர்ரிப் பூ, அக்டோபருக்குப் பரங்கிக்காய், டிசம்பருக்குப் பனிமனிதன்! நாகர்கோவிலில் அக்டோபர் என்றால் மழை, மக்ளே. நனைந்துகொண்டு காலேஜுக்குப் போகிற பிள்ளைக்குப் பரங்கிக்காய் எதற்கு?

பன்னிரண்டு மாதமும் கூட வர வேண்டியது தீம். பூனை, விண்வெளி என்று ஒன்றைப் பிடித்தால் மார்ச்சுக்குள் சலித்துவிடும். மாதம் மாறும், படம் மாறக் காரணம் இருக்காது. அதனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வருடத்தையே தீமாக வைத்துக்கொள் என்கிறேன். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. கடல், வயல், ரப்பர், பூ என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காலண்டர் ஓடுகிறது.

இன்னொன்று. புல்லட் ஜர்னலை உருவாக்கிய ரைடர் கரோல் 2013-இல் இந்த முறையை வெளியிட்டபோது அதில் அலங்காரமே கிடையாது. புள்ளி வைத்தால் வேலை, அதன்மேல் பெருக்கல் குறி போட்டால் முடிந்தது, அம்புக்குறி போட்டால் தள்ளிப்போட்டது. வாஷி டேப்பும் ஸ்டிக்கரும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. அலங்காரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (அதை உன் அம்மா சொல்லிக்கொள்வாள்). வரைகிற படம் ஏதாவது ஒரு கணக்கையும் சொன்னால் நல்லது, அவ்வளவுதான்.

முதலில் நிறம். கன்னியாகுமரியில் கடற்கரைக் கடைகளில் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, வண்ண மணல், அதிலிருந்து மூன்றை எடு: இல்மனைட்டின் கருப்பு, கார்னெட்டின் சிவப்பு, சாதாரண மணலின் வெளிர் மஞ்சள். வருடம் முழுக்க இந்த மூன்று பேனாதான். கையெழுத்து சுமாராக இருந்தாலும் நிறம் ஒன்றாக இருந்தால் நோட்டு பார்க்க ஒரே சீராக இருக்கும். செலவும் குறையும்.

அடுத்து, வருடம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுகிற ஆண்டுப் பக்கம். அதில் ஓரமாகக் கடலை வரை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, அது கிழக்குக் கடற்கரைக் கணக்கு. குளச்சல் பக்கம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டு பட்டை போட்டால் ஜூன் முதல் இரண்டு வாரம் ஒன்றின்மேல் ஒன்று விழும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடலின் சட்டம்! வேறு எந்த ஊர்க்காரி நோட்டிலும் இந்தப் பக்கம் வராது. வீட்டுச் செலவு எழுதுகிறாய் என்றால் மீன் விலை ஏறுகிற மாதமும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஜூலைக்கு ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள். இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. இரண்டு பக்கத்தில் பரவலாக 31 காற்றாலை, நாளுக்கு ஒன்று. தூண் இரண்டு கட்டம், இறக்கை ஒரு கட்டம். இறக்கை மூன்றுதானே, பழக்கமும் மூன்றே வை: நடை, வாசிப்பு, பதினொன்றுக்குள் தூக்கம். செய்ததற்கு மட்டும் இறக்கையை வரை. ஒன்றும் செய்யாத நாளில் மொட்டைத் தூண் நிற்கும். பத்துப் பழக்கத்தைக் கட்டம்கட்டி வைத்து நாலாம் நாளே விடுவதைவிட இது மேல்.

ஓணத்தையொட்டிப் பூவுக்குப் பேர்போன தோவாளை. 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த ஊர் மாணிக்கமாலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாயா? உருண்டையாக இருக்காது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து, கல் பதித்த மாதிரி சப்பையாக, வரிசை வரிசையாகக் கட்டுவார்கள். வரிசையாகப் புள்ளி அச்சிட்ட ஜர்னல் தாளில் அது அப்படியே உட்காரும். நல்ல நாளுக்கு வெள்ளை, மோசமான நாளுக்குச் சிவப்பு, இரண்டுமில்லாத நாளுக்கு இலை. மாதம் முடியும்போது மாலையும் முடிந்திருக்கும். மூன்று நிறம் என்றேன்தான், இந்த ஒரு மாதத்துக்குப் பச்சைக்கு விலக்கு உண்டு.

மற்ற மாதங்களுக்கு நீயே யோசிப்பாய். இலை உதிர்த்த ரப்பர் மரம், கும்பப்பூ நெல் அறுவடை, மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடை, மழைக்கு நாளொரு துளி, நவம்பர் 1-க்கு நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956, டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழாவும் நட்சத்திரமும்.

நோட்டு வாங்கும்போது தாளைப் பார். 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) தாளில் பிரஷ் பேனா பின்பக்கம் ஊறும். வாட்டர்கலர் ஆசை இருந்தால் 160-க்குக் குறையாதே. பழைய மெல்லிய நோட்டுதான் என்றால் தனித்தாளில் வரைந்து வெட்டி ஒட்டு.

இப்போதைக்கு ஆண்டுப் பக்கமும் ஜனவரியும் போதும். பன்னிரண்டையும் விடுமுறையிலேயே வரைந்து தள்ளாதே. பிப்ரவரியை ஜனவரிக் கடைசியில் வரைந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வரும்போது நோட்டைக் கொண்டு வா, காற்றாலையை ஒன்று வரைந்து அளவு பார்க்கலாம். பச்சைப் பேனா என்னிடம் இருக்கிறது, வாங்காதே.

அன்புடன்,
பெரியம்மா