மகளுக்கு, கறிவேப்பிலை மரத்தடியிலிருந்து

மன்னார்குடி
கார்த்திகை 8

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் சௌக்கியம். அடைமழை ஒருவழியாக விட்டிருக்கிறது. டொரொண்டோவில் மரமெல்லாம் மொட்டையாகிவிட்டது, பூச்சி பொட்டு எதுவும் கண்ணில் படவில்லை என்று போனில் சொன்னாய். இங்கே நேர்மாறு. வெயிலில் காய்ந்து கிடந்த கொல்லையில் இப்போதுதான் நடமாட்டம். காலையில் பல் விளக்கப் போகிறவன் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிறது.

கிணற்று மேடையில் ரயில் பூச்சிகள் சாரை சாரையாக ஊர்கின்றன. ராத்திரி ஈசல் கிளம்பினால் வாசல் விளக்கை அணைத்துவிடுகிறேன். ஐப்பசியில் மழைக்கு முன்னால் திடலில் தட்டான்கள் மொய்த்தன, மஞ்சள் உடம்புக்காரத் தட்டான்கள். இந்த வகைதான் மாலத்தீவு வழியாகக் கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்கிற கடல் உயிரியலாளர் 2009இல் எழுதினார். முட்டையிட நன்னீர்க் குளம் குட்டை அநேகமாக இல்லாத மாலத்தீவில் வருடாவருடம் அக்டோபரில் இவை வந்து இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியதாம். இரண்டு அங்குலம்கூட இல்லாத உடம்பு அம்மா அது!

சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். நீ ஐந்தாவது படிக்கும்போது செருப்பு டப்பாவில் கறிவேப்பிலை போட்டு நாலு பட்டாம்பூச்சிப் புழு வளர்த்தாய். செடியை மொட்டையடிக்கிற சனியன் என்று திட்டி, டப்பாவோடு சாக்கடையில் கொட்டினேன். நீ அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அதை நான் மறக்கவில்லை.

இந்த வருஷம் கிணற்றோரக் கறிவேப்பிலை மரத்தைப் புழுவுக்கென்றே விட்டுவிட்டேன். குழம்புக்கு வாசல் பக்கத்துச் செடி போதும். ஆரம்பத்தில் புழு காக்கை எச்சம் மாதிரியேதான் இருக்கிறது, பழுப்பும் வெள்ளையுமாக. பறவைகள் அசட்டையாக விட்டுவிட அது போதும் போல. கடைசித் தோலை உரித்ததும் பச்சையாகி, இலைக்குள் இலையாகிவிடுகிறது. துரும்பால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீண்டது, கூடவே ஒரு குமட்டல் வாடை. நீ அன்றைக்கு "கொம்பு முளைக்குதுப்பா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டது இதற்குத்தான். நான் எழுந்து வரவில்லை.

கூட்டுப்புழு ஆகும் முன்பே பட்டு இழையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மின்கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்து நிற்கிற லைன்மேன் மாதிரி குச்சியில் சாய்ந்து நிற்கிறது. முந்தாநாள் ஒன்று கறுத்து, உள்ளே இறக்கையின் நிறம் தெரிந்தது. நேற்றுக் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தது. கசங்கிய துணி மாதிரி தொங்கிய இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்ததை அம்மாவும் நானும் நின்று பார்த்தோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அம்மா போகவில்லை.

கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சி, பெண். பின்னிறக்கையில் சிவப்புத் திட்டு இருந்தது. ஆண்களுக்கு அது கிடையாது, வெள்ளைப் பொட்டு வரிசை மட்டும்தான். ரோஜா அழகி என்று இன்னொரு பட்டாம்பூச்சி உண்டு. ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் விஷம், பறவைகள் தொடாது. நம்முடையது விஷமே இல்லாமல் அதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டு பிழைக்கிறது. எல்லாப் பெண்ணுக்கும் இந்த வேஷம் இல்லை, சிலது ஆணைப் போலவே இருக்குமாம்.

இன்னும் இரண்டு கூடு பாக்கி. ஒன்று ஞாயிறு காலை திறக்கும் என்று நினைக்கிறேன். உனக்குச் சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணி. குழந்தையைத் தூங்க வைத்துவிடாதே. வீடியோவில் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா