குடல் புற்றுநோயாளிகள் அனைவருக்கும் பரம்பரைக் கோளாறு பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்
நோயாளி ஒருவரின் தம்பி,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளுக்கு எம்.எம்.ஆர். (டி.என்.ஏ. பிழை திருத்தும்) புரதப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் அப்பா பெருங்குடல் புற்றுநோயில் இறந்தபோது வயது 46. இப்போது அண்ணனுக்கு 39 வயதில் அதே நோய். ஆபரேஷனுக்குப் பின் வந்த ரிப்போர்ட்டில் கட்டியின் வகையும் நிலையும் இருந்தன. பரம்பரையாக வந்ததா என்று பார்த்திருக்கவில்லை. கேட்டால், "வெளியே லேபில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

நான் சொல்வது குடல் புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறு பற்றி. டி.என்.ஏ. நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதிலும் ஒரு நல்லது உண்டு. பிழைகள் குவியக் குவிய, கட்டி உடம்புக்கு அந்நியமான புரதங்களை உண்டாக்குகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் அதைக் கண்டுகொண்டு கட்டிக்குள் திரள்கின்றன. அவற்றின் மேலுள்ள பி.டி.-1 என்ற பிரேக்கை மிதித்துத்தான் கட்டி தப்பிக்கிறது. அந்தப் பிரேக்கை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தை, பரவிவிட்ட இவ்வகைக் குடல் புற்றுக்கு முதல் சிகிச்சையாகவே அமெரிக்கா 2020-ல் அனுமதித்தது. மற்ற பெரும்பாலான குடல் புற்றுகளில் அது பலிப்பதில்லை. யாருக்குப் பலிக்கும் என்பது பரிசோதித்தால்தானே தெரியும்?

இதற்காக நோயாளியை மறுபடி குத்த வேண்டியதில்லை. எடுத்த சதை மெழுகு பிளாக்காக நோயியல் துறையிலேயே இருக்கிறது. அதில் மெல்லிய சீவல் எடுத்து எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கு பிழை திருத்தும் புரதங்களுக்கும் சாயமேற்றினால், புரதம் உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகும். இல்லாதது நீலமாகவே நிற்கும். நீலமாக நின்றாலே பரம்பரை என்று ஆகிவிடாது. வயதானவர்களுக்கு எம்.எல்.எச்.1 மரபணு இடையில் அணைந்துபோவதாலும் அப்படி வரும். பிரித்தறிய அடுத்த சோதனை உண்டு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, குடல் புற்றுநோயாளிகள் எல்லாருக்கும் இவ்வகைப் பரிசோதனை வேண்டும் என்று 2017-லேயே சொல்லிவிட்டது.

எனவே, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வயது பார்க்காமல் இதைக் கட்டணமின்றிச் செய்யவும், பரம்பரை என்று உறுதியானால் உடன்பிறந்தோரையும் பிள்ளைகளையும் அழைத்து ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்யவும், பழுது உள்ளவர்களுக்குத் தவறாமல் கொலோனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்யவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மருந்தின் விலை அதிகம், அதை உடனே எல்லாருக்கும் கொடுப்பது சிரமம் என்பது புரிகிறது. சரி, அது தனிப் பேச்சு. சோதனைக்கு அந்தக் காரணம் பொருந்தாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: அண்ணனின் பயாப்சி ரிப்போர்ட் நகல்