ரீபூட் செய்ய நேரம் ஒதுக்குங்கள்: கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு, வணக்கம்.

மாத அறிக்கையில் ‘அப்டைம் 900 நாள்’ (அத்தனை நாள் ரீபூட் இல்லாமல் ஓடியது) என்று வந்தால் தயவுசெய்து பாராட்டாதீர்கள். அந்த லினக்ஸ் சர்வரில் 900 நாளுக்கு முந்தைய கெர்னல்தான், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிதான், ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டிருந்தாலும், ரீபூட் செய்யும்வரை புதிய கெர்னல் டிஸ்க்கில் சும்மா கிடக்கும். ரீபூட் இல்லாமலே போடும் லைவ் பேட்ச் பல ஓட்டைகளை அடைக்கும், எல்லாவற்றையும் அடைக்காது.

சில்லுக்கும் கெடு உண்டு. ஏஎம்டி நிறுவனத்தின் எபிக் 7002 சர்வர் சில்லு வரிசையில், கடைசி ரீசெட்டிலிருந்து ஏறத்தாழ 1044 நாள் ஆனபின் உறக்க நிலைக்குப் போன கோர் (சில்லின் கணக்கிடும் பகுதி) விழிக்காமல் தொங்கிவிடலாம். ஏஎம்டியே வெளியிட்ட பிழைக்குறிப்பு இது. அதற்குள் ரீபூட் செய்ய வேண்டும், அல்லது சிசி6 எனும் அந்த உறக்க நிலையை முடக்க வேண்டும்.

எல்லாப் பேட்ச்சுக்கும் ரீபூட் தேவையில்லை. குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் மாறினால் அதைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை (பின்னணி நிரல்களை) ரீஸ்டார்ட் செய்தால் போதும். கெர்னலோ, ஏறத்தாழ எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் ஜிலிப்சி நூலகமோ மாறினால் ரீபூட்தான்.

‘திரும்ப எழாவிட்டால்?’ என்ற பயம் நியாயமானதே. யாரோ கையால் மவுன்ட் செய்த (இணைத்த) டிஸ்க், பூட் ஆகும்போது இணைக்க வேண்டியவற்றின் பட்டியலான எஃப்எஸ்டேபில் இருக்காது. ஃபயர்வால் விதி சேமிக்கப்பட்டிருக்காது. சர்வீஸை ‘ஸ்டார்ட்’ செய்தவர், பூட் ஆகும்போது அது தானே தொடங்கும்படி ‘எனேபிள்’ செய்திருக்க மாட்டார். எஃப்எஸ்டேபில் ஒரு வரி பிசகினாலும் சர்வர் எமர்ஜென்சி மோடில் (பழுது பார்ப்பதற்கு மட்டுமான நிலையில்) போய் நிற்கும். மூன்று வருட மாற்றங்கள் ஒரே இரவில் வெளிப்படும். செய்தவர் வேலையை விட்டே போயிருப்பார். மாதாமாதம் ரீபூட் செய்தால் தேட வேண்டியது ஒரு மாத மாற்றத்தை மட்டுமே.

எனவே பேட்ச்சுக்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்ய விடுங்கள். அப்போதே எழாவிட்டால் கோளாறு பழையது, பேட்ச்மேல் பழி போடவேண்டாம். அதற்கும் முன் பேக்கப், ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்த அமைப்பு) நிலை, ரிமோட் கன்சோல் (தொலைவிலிருந்தே சர்வரை இயக்கும் வழி) மூன்றையும் பார்த்தாக வேண்டும். ரெய்டு ரீபில்டு (புது டிஸ்க்கில் தரவை மீண்டும் நிரப்புவது) நடக்கும்போது கை வைக்கக் கூடாது. தொங்கிப்போன சர்வரில் லாக், மெமரி டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுக்காமல் ரீபூட் செய்தால் காரணம் அதோடு அழிந்துவிடும். அடுத்த வாரம் மறுபடி தொங்கும்.

ஒப்பந்தப்படி சர்வர் 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும் என்றால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம்தான் நிறுத்த அனுமதி. நிறைய ரேம் உள்ள சர்வர் மெமரி சோதனைக்கே பத்து நிமிடம் எடுக்கக்கூடும். ஆகவே வேலையைப் பகிர்ந்தளிக்கும் லோடு பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் கொடுங்கள். ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றுகிறோம், பயனருக்குத் தெரியாது. ஒப்பந்தத்தில் கணினியின் அப்டைமுக்குப் பதிலாகச் சேவை கிடைத்த நேரத்தை அளவாக எழுதுங்கள். மாதம் இரண்டு மணி நேரப் பராமரிப்பு நேரத்தையும் அதிலேயே சேருங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பாளர்கள்