'காணாது' என்ற ஒரு சொல்லுக்கு நன்றி

தோவாளை ஊராருக்கும், பூச்சந்தை நண்பர்களுக்கும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்களுக்கும் வணக்கம்.

ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீடு இருந்த இருப்பை நீங்கள் கூடவே நின்று பார்த்தீர்கள். அதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. அம்மா வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. அவர் நன்றாகத் தூங்குகிறார். எனக்குத்தான் இன்னும் இரவில் இரண்டு முறை விழிப்பு வருகிறது.

முதலில் அந்த இளம் மருத்துவருக்கு. "வயதாகிவிட்டது, மறதிதான்" என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பப்பட்டிருந்த எங்களுக்கு, அம்மா கேட்டதற்கு உடனே பதில் சொல்லாமலிருப்பது மறதியல்ல, தாமதம் என்று புரியவைத்தவர் அவர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, இடக்கையில் ஒரு விரல் நுனியைத் தொட்டு, வலக்கையில் அதே விரலைக் காட்டும்படி கேட்டார். நாற்பது வருடம் பூக்கட்டிய கை, தன் ஜோடிக் கையில் அந்த விரலைத் தேடி எடுப்பதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. பிறகு எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்து, மூளையின் ஆழத்தில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் கிடந்த வெள்ளைத் திட்டுகளையும், 15 மில்லிமீட்டருக்கும் குறைவான இரண்டு சிறு பள்ளங்களையும் காட்டினார். பல வருடமாக அடங்காத இரத்த அழுத்தம் மூளைக்குள் போகும் மிக நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரைத் தடிக்கச் செய்துவிடுகிறது. இரத்தம் குறையக் குறைய, நரம்பிழைகளின் மேல் போர்த்தியிருக்கும் கொழுப்புறை நைந்துபோகிறது. நைந்த இழையில் செய்தி மெதுவாகத்தான் போகும் என்றார்.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசம் என்ற பாலத்தில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் இருக்கின்றனவாம். அதை அவர் மாத்தூர் தொட்டிப்பாலத்தை வைத்து விளக்கினார்: ஒரு குன்றின் தண்ணீர் பறளியாற்றுக்கு மேலாக மறு குன்றுக்குப் போகிறது, தொட்டி அங்கங்கே கசிந்தால் தண்ணீர் அடியோடு நின்றுவிடுவதில்லை, குறைந்தும் பிந்தியும் வந்துசேரும். தொட்டிப்பாலத்தில் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓடும், இந்தப் பாலத்தில் போக்கும் உண்டு வரத்தும் உண்டு என்று அவரே சிரித்துக்கொண்டு திருத்தவும் செய்தார். பழுது பாலத்தில் மட்டுமல்ல, பாலத்துக்கு வந்துசேரும் வழிகளிலும் இருக்கிறது. போனதைத் திரும்ப வாங்க முடியாது, இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து மேலும் போகாமல் காக்கலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தவர் வேறொருவர். அம்மாவுக்குப் பல வருடமாகப் பூக்கட்டக் கொடுக்கும் வியாபாரி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் எழுதவில்லை. சந்தையில் யாருக்கும் தெரியாமல் இருக்கப்போவதில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் அவர்களுக்கு எப்படிப்பட்ட வாரம் என்பது உங்களுக்குத் தெரியும். கேரளத்துக்குப் போகும் வண்டிகள் வரிசையாக நிற்க, மூச்சுவிட நேரமில்லாத அந்த நாளில் ஒரு காலை எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கையில் சின்னப் பொட்டலமாகப் பிச்சிப்பூ, கிழித்து நனைத்துச் சுருட்டிய வாழைநார். அம்மா முன்னால் வைத்துவிட்டு, "இவ்வளவு காணுமா, அக்கா?" என்று கேட்டார்.

அம்மா பூவைப் பார்த்தார். வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வியாபாரி என் பக்கம் திரும்பாமலேயே கையை மட்டும் சற்று உயர்த்தி என்னை நிறுத்தினார். அவருடைய கைபேசி இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. தெருவில் ஒரு வண்டி ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அசையவில்லை, அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்து நெருக்கவும் இல்லை, பொட்டலத்தின் வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி அம்மாவுக்குள் எந்தெந்த வழியாகச் சுற்றி வந்ததோ, கடைசியில், "காணாது" என்றார் அம்மா. போதாது என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். யாரும் எடுத்துக்கொடுக்காமல், வீட்டுக்கு வந்தபின் அவர் தானாகச் சொன்ன முதல் பதில் அது.

பிறகு இடக்கை பூக்களை இரண்டிரண்டாகப் பிடிக்க, வலக்கை நாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும். ஒரு கையை ஆள்வது மூளையின் ஒரு பாதி, மறு கையை ஆள்வது மறு பாதி. முன்பு பேச்சோடு பேச்சாக ஓடிய வேலை, இப்போது இடக்கை பூவை நீட்டிக்கொண்டு வலக்கைக்காகக் காத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூடத் தேறவில்லை, முடிச்சும் தளர்வு. அவர் குறை சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. பாராட்டியிருந்தால் அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும்.

இரவில் மருத்துவமனைக்குக் கூட வந்தவர்கள், ஆட்டோவுக்குப் பணம் வாங்க மறுத்தவர், கஞ்சி கொடுத்தனுப்பிய அக்காமார், நடைபழக்கிய இயன்முறைச் சிகிச்சையாளர், மாத்திரை வேளையை அட்டையில் எழுதி ஒட்டிய செவிலியர், கோவிலிலும் சர்ச்சிலும் அம்மா பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டவர்கள், உங்கள் அனைவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்றாகச் சேர்த்துக் கைகூப்புகிறேன்.

இனி அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். நேற்றே ஒருமுறை தவறிவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும் கேட்டு, கொஞ்சம் உட்கார்ந்திருங்கள். அந்த நேரத்தில் நான் தேநீர் போட்டுவிடுகிறேன்.

வாரம் இரண்டு நாள் இன்னும் பொட்டலம் வருகிறது. கூலியை அவர் என்னிடம் தருவதில்லை. அம்மா அதை இடக்கையில் வாங்கி, நிதானமாக வலக்கைக்கு மாற்றி, முந்தானையில் முடிந்துகொள்கிறார். முடிச்சு விழ நேரமாகிறது. நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம்.