கால்வாசி தண்ணி எங்க சார் போச்சு?

வடசென்னையில பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுக்குற எல்லா சாருக்கும் மேடத்துக்கும் வணக்கம். எனக்கு தண்டையார்பேட்டை, மணலி பக்கம் ஒரு லேப்ல வேலை. போன வாரம் அக்கா பொண்ணு டெஸ்ட் பேப்பரைத் தூக்கினு வந்து "மாமா, இது எப்டி தப்பு"ன்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுகினு நின்னா.

கேள்வி இதான்: கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் இருக்குற ஒரு பொருளை 1 கிராம் எரிச்சா 1.50 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.409 கிராம் தண்ணியும் வருது, எளிய விகித வாய்ப்பாடு, அதாவது அணுக்கள் எந்தச் சின்ன முழு எண் விகிதத்துல இருக்குன்னு காட்டுற வாய்ப்பாடு, இன்னா? நெல்லிக்காய்ல இருக்குற வைட்டமின் சி தான் அது, பேரைத்தான் மறைச்சிட்டாங்க.

அவ ஒழுங்கா போட்டிருக்கா சார். 1.50-ஐ 12/44-ஆல பெருக்கி கார்பன் 0.409 கிராம், தண்ணியை 2/18-ஆல பெருக்கி ஹைட்ரஜன் 0.0454, மிச்சம் 0.545 ஆக்சிஜன். அணு நிறையால வகுத்தா 1 : 1.33 : 1, எல்லாத்தையும் மூணால பெருக்கி சி3ஹெச்4ஓ3. அதை சிவப்பு இங்க்ல அடிச்சிட்டு, 1.33-ஐ 1-ன்னு ரவுண்ட் பண்ணி சிஹெச்ஓ-ன்னு எழுதி ரெண்டு மார்க் கட் பண்ணியிருக்காங்க.

1.02 வந்தா 1-ன்னு வைங்க, அது தராசோட பிசிறு, யாரும் கேக்க மாட்டாங்க. 1.33 பிசிறு இல்ல சார், அது 4/3. 1.5 வந்தா ரெண்டால, 1.25 வந்தா நாலால பெருக்குற மாதிரிதான் இதுவும். நம்பலன்னா திருப்பிப் போட்டுப் பாருங்க, சிஹெச்ஓ-வை 1 கிராம் எரிச்சா கார்பன் டை ஆக்சைடு 1.52 கிட்ட வந்து சரி மாதிரியே ஏமாத்தும், ஆனா தண்ணி 0.31 கிராம்தான் வரும். கால்வாசி தண்ணி காணோம்! லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்ன ஏரியா சார் இது, தண்ணி கொறைஞ்சா நாங்க கேப்போம்.

இன்னொண்ணு. ஆக்சிஜனை மட்டும் ஏன் கழிச்சுக் கண்டுபிடிக்கிறோம்னு பசங்களுக்கு யாருமே சொல்றதில்ல போல. எரிக்கிறதே ஆக்சிஜன்ல, அப்போ வெளிய வர்றதுல எது பொருளோடது, எது நாம விட்டதுன்னு பிரிக்க முடியாது, அதான் கழித்தல். லீபிக்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் 1831-லயே இதுக்கு அஞ்சு குமிழ் வெச்ச கண்ணாடிக் கருவி செஞ்சாரு, உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், அது கார்பன் டை ஆக்சைடைப் புடிச்சிக்கும். அதுக்கு முன்னாடியே கால்சியம் குளோரைடு குழாய் தண்ணியைப் புடிச்சிடணும், மாத்தி வெச்சா ரெண்டு எடையும் கோவிந்தா. போர்டுல ஒரு படம் போட்டா அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.

நேர்ல வந்து பேசுறேன்னு சொன்னேன், "வேணாம் மாமா, சார் கோச்சுக்குவாரு"ன்னுட்டா. அதான் யார் பேரும் போடாம பொதுவா எழுதுறேன். அந்த ரெண்டு மார்க்கை மட்டும் சத்தமில்லாம போட்டு குடுத்துடுங்க சார்.