எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம்: பார்க்கப் போகிறவர்களுக்கு

குழு நண்பர்களுக்கு வணக்கம். ‘கிர்க்’ என்று அழைக்கப்படும் இந்த ஸ்காட்லாந்து சபை ஆலயத்துக்கு 1818-ல் அடிக்கல் நாட்டி, 1821-ல் வழிபாடு தொடங்கினார்கள். கட்டியவர் தாமஸ் டி ஹவிலாண்ட், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பொறியாளர்.

முன்புறத் தூண்களையும் கூர்கோபுரத்தையும் (சுமார் 166 அடி) படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். விஷயமே உள்ளேதான் இருக்கிறது. வழிபாட்டுக்கூடம் வட்டம், கிழக்கிலும் மேற்கிலும் செவ்வக நீட்சி. 51½ அடி விட்டமுள்ள குவிமாடத்தை 16 கொரிந்தியத் தூண்கள் (உச்சியில் இலை வேலைப்பாடு கொண்டவை) வட்டமாக நின்று தாங்குகின்றன. நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: நீல வானமும் பொன் நட்சத்திரங்களும்.

மாடம் செங்கல்லால் ஆனது. மரச்சட்டம் வைத்திருந்தால் கரையான் விட்டுவைத்திருக்காது. ஆனால் செங்கல் மாடம் கனம் அதிகம், இடமோ மழைத்தண்ணீர் தேங்கும் இளகிய மண். சாதாரணக் கடைக்கால் போட்டால் ஒரு பக்கம் இறங்கி மாடம் வெடிக்கும். அதனால் இளகிய மண்ணைத் தாண்டி உறைகிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை எழுப்பினார்கள். நம் ஊருக்குப் பழக்கமான முறைதான் இது.

வட்டச் சுவரும் குழிந்த மாடமும் ஒலியைத் திருப்பி அனுப்பும். உள்ளே மெதுவாகப் பேசுங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், தவிர்த்துவிடுங்கள்.